வாசகர் கேள்வி பதில்: குடல்ல இடம் பிடிச்ச கிருமியை எழுப்பி அனுப்ப முடியுமா?

போன இதழ்ல, கிட்னி மாத்திக்கிட்டவங்களுக்குத் திரும்பத் திரும்ப வர்ற யூரின் இன்ஃபெக்‌ஷன் பத்தி எழுதுறப்ப, "ஆரோக்கியமானவங்களோட மலத்தை எடுத்து நோயாளியோட குடல்ல வைக்கற சிகிச்சையை வெளிநாட்டுல சோதிச்சுப் பாத்துட்டு இருக்காங்க"ன்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். மல மாற்றுன்னு அதுக்குப் பேரு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தத் தடவை இத்தனை கடிதம். அதனால இந்த இதழ் பூராவும் இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேண்டாம்னு நெறய பேர் கேட்டிருந்தீங்க, யாரோட பேரும் போடல.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): மேடம், என் வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தி 14 மாசம் ஆச்சு. இதுக்குள்ள மூணு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன், மூணு தடவையும் அட்மிட் பண்ணி மெரோபெனம் ஏத்தித்தான் சரியாச்சு. ரிப்போர்ட்ல ஒவ்வொரு தடவையும் இ.கோலை, இஎஸ்பிஎல் பாசிட்டிவ்னே வருது. தண்ணி காய்ச்சித்தான் குடுக்கறேன், பாத்ரூம் தினமும் கழுவறேன். எங்கே இருந்துதான் வருது? நீங்க சொன்ன சிகிச்சை இவருக்கு ஆகுமா?

பதில்: அம்மா, முதல்ல மனசுல இருக்கற பாரத்தை இறக்கி வைங்க. இது நீங்க காய்ச்சின தண்ணியில வந்த குறை இல்ல. இ.கோலைங்கறது ஒரு பாக்டீரியா. இப்படி ஒரே கிருமி மூணு தடவை வருதுன்னா, பெரும்பாலும் அது வெளியில இருந்து புதுசா வரல, அவரோட குடல்லயே குடியிருக்கு, அங்கே இருந்துதான் மூத்திரப் பாதைக்கு ஏறுது. கிட்னி மாத்தினவங்களுக்கு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், ஸ்டீராய்டுன்னு எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை தினமும் போகுது, ஆபரேஷன் சமயத்துல கதீட்டர் போட்டிருப்பாங்க, உள்ள கொஞ்ச நாள் ஸ்டென்ட் இருந்திருக்கும், இடையில எத்தனையோ ஆன்டிபயாடிக், இதெல்லாம் சேர்ந்து அந்தக் கிருமிக்கு வழி போட்டுக் குடுத்துடுது.

நான் இருக்கறது லேப்ல. நோயாளி முகத்தைவிட அவங்களோட கல்ச்சர் பிளேட்டைத்தான் அதிகம் பாத்திருக்கேன். அதை உங்களுக்கும் காட்டணும்னு ஆசையா இருக்கு, காட்டினா அந்த ரிப்போர்ட் வரி புரிஞ்சிடும். உள்ளங்கை அகலத்துல ஒரு தட்டு, அதுல மூத்திரத்துல இருந்து பிரிச்ச கிருமியைச் சமமா தேய்ச்சு, மேல பொட்டு அளவு காகித வில்லைங்களை வைப்போம், ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு ஆன்டிபயாடிக். ராத்திரி பூரா உடம்புச் சூட்டுக்குப் பக்கத்துல வெச்சு காலையில எடுத்தா, வேலை செய்யற மருந்தைச் சுத்தி கிருமி முளைக்காம ஒரு வெத்து வட்டம் தெரியும். சாதாரண இ.கோலைன்னா தட்டு பூரா வட்டம் வட்டமா இருக்கும், பாக்கவே நிம்மதியா இருக்கும். இஎஸ்பிஎல் இருந்தா செஃபோடாக்ஸிம், செஃப்டாசிடிம் வில்லை ஓரம் வரைக்கும் கிருமி சாம்பல் பூத்த மாதிரி முட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்துல கிளாவுலனிக் ஆசிட் இருக்கற வில்லைப் பக்கம் மட்டும் அந்த வட்டம் இழுபட்டு சாவித் துவாரம் மாதிரி ஒரு உருவம் வரும். அந்தச் சாவித் துவாரம்தான் உங்க ரிப்போர்ட்ல "இஎஸ்பிஎல் பாசிட்டிவ்"னு வருது, மருந்தை வெட்டிப் போடற ஒரு என்ஸைம் அந்தக் கிருமிகிட்ட இருக்கு, கிளாவுலனிக் ஆசிட் அந்த என்ஸைமைக் கட்டிப் போடுதுன்னு அர்த்தம்.

மெரோபெனம் அந்த என்ஸைமுக்கு மசியாத மருந்து, அதனால மூத்திரமும் ரத்தமும் சுத்தமாயிடுது, காய்ச்சல் விடுது, வீட்டுக்கு வர்றீங்க. ஆனா குடல்ல கொஞ்சம் கிருமி தப்பிச்சு நிக்கும். அதே மருந்து குடல்ல இருந்த நல்ல கிருமிங்களையும் வாரிக்கிட்டுப் போயிடுது, இடம் காலியாகுது, தப்பிச்சது மறுபடி பெருகுது. உங்க வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டிருக்கறது இந்தச் சுத்துலதான். நான் அந்த ஒரு வரி எழுதினதும் இதனாலதான், ஏன்னா இந்தச் சுத்தை எங்கேயாவது அறுக்கணும், அதுக்கு இன்னும் பெரிய ஆன்டிபயாடிக் மட்டும் வழி இல்ல.

இனி அந்த ஆராய்ச்சி. அமெரிக்காவுல அட்லாண்டா, அங்கே எமரி பல்கலைக்கழகம், மைக்கேல் வுட்வர்த்ங்கற தொற்றுநோய் டாக்டரும் அவர் குழுவும் பண்ணினது, பேரு பிரீமிக்ஸ், 2023 நவம்பர்ல வெளியாச்சு. சேர்ந்தவங்க எல்லாரும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான், கிட்னி மாத்தினவங்க, ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத கிருமியால இன்ஃபெக்‌ஷன் வந்து போனவங்க, குடல்ல அந்தக் கிருமி இன்னும் இருக்குன்னு கல்ச்சர்ல தெரிஞ்சவங்க. மொத்தம் 11 பேர். குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதிக்கு உடனே மல மாற்று, இன்னொரு பாதியைச் சுமார் அஞ்சு வாரம் சும்மா கவனிச்சுட்டு அப்புறம் குடுத்தாங்க. எனிமா வழியாத்தான் குடுத்தது. அப்பவும் கிருமி போகலைன்னா ரெண்டாவது டோஸ். கடைசி வரைக்கும் முழுசா முடிச்ச 9 பேர்ல 8 பேருக்கு அந்த அடங்காத கிருமி கல்ச்சர்ல நெகட்டிவ். அது மட்டும் இல்லாம, இந்தச் சிகிச்சை எடுத்தவங்களுக்கு மறுபடி இன்ஃபெக்‌ஷன் வர்றதுக்கு அதிக நாள் ஆச்சு.

9-ல 8-ன்னு கேட்டதும் நீங்க நிமிர்ந்து உக்காருவீங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் உக்காந்தேன். ஆனா எண்ணிப் பாருங்கம்மா, 9 பேர். "மறுபடி வர நாளாச்சு"ன்னு ஒப்பிட்டதும் குலுக்கல்ல பிரிச்சவங்களோட இல்ல, தகுதி இருந்தும் சிகிச்சை எடுக்காத சில பேரோட. அதனால உங்க வீட்டுக்காரருக்கு ஆகுமான்னு கேட்டா, ஆகலாம்ங்கறதுக்கு நல்ல அறிகுறி இருக்கு, இன்னைக்கே போய்ப் பண்ணிக்கற நிலைமைக்கு அது இன்னும் வரல. இப்போதைக்கு உங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வேற: மூத்திரம் முழுசா வெளியேறுதா, ஸ்டென்ட் ஏதும் உள்ளயே தங்கிடுச்சா, பழைய கிட்னியில கல்லோ கட்டியோ இருக்கா, சர்க்கரை எப்படி இருக்கு. இதெல்லாம் பாக்காம கிருமியை மட்டும் துரத்திட்டு இருந்தா நாலாவது தடவையும் வரும்.

கேள்வி (நாகர்கோவில், பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மாணவி): மல மாற்று பண்றப்ப நல்ல கிருமி போய் கெட்ட கிருமியைக் கொன்னுடுமா மேடம்? எப்படி வேலை செய்யுது?

பதில்: கண்ணு, இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் எழுதலாம்.

கொல்றதுங்கறது இதுல கொஞ்சம்தான். நம்ம உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு ஒரு கணக்கு, அதுல பெரும்பகுதி பெருங்குடல்ல. அங்கே காத்து இல்லாத இடத்துல வாழற கிருமிங்க நம்ம சாப்பாட்டு நாரை நொதிக்க வெச்சு, பியூட்டிரேட் மாதிரி சின்ன கொழுப்பு அமிலங்களை உண்டாக்குதுங்க, அந்தப் புளிப்பு இ.கோலை, கிளெப்சியெல்லா வகைக்கு அவ்வளவா ஒத்துக்காது. பித்தநீரையும் அதுங்க மாத்தி வேற ரூபத்துக்குக் கொண்டு வருதுங்க. சி.டிஃப்னு சுருக்கமா சொல்ற வயித்துப்போக்குக் கிருமியோட விதை முளைக்கறதையும் பெருகறதையும் அந்த மாத்தின பித்த அமிலங்கள் அடக்குது. அதான் மல மாற்று முதல்ல ஜெயிச்சது சி.டிஃப்லதான். ஆம்ஸ்டர்டாம்ல பண்ணின ஆராய்ச்சி 2013-ல வந்துச்சு, திரும்பத் திரும்ப சி.டிஃப் வந்தவங்கள்ல 16 பேருக்கு மலத்தைக் கரைச்சு மூக்கு வழியா குழாய் விட்டு சிறுகுடல்ல செலுத்தினாங்க, ஒரே தடவையில 13 பேருக்குக் குணம். வழக்கமா குடுக்கற ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேர்ல 4 பேருக்குத்தான் குணம். வித்தியாசம் இவ்வளவு பெருசா இருக்கறதைப் பாத்து ஆராய்ச்சியைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க.

ஆனா எமரியில கண்டுபிடிச்சது இதைவிட நுணுக்கம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் அதுதான். இஎஸ்பிஎல் இ.கோலை போன சில பேர்கிட்ட மரபணுவைப் படிச்சுப் பாத்தாங்க. இ.கோலையே இல்லாம போயிடலை. அடங்காத இ.கோலை இருந்த இடத்துல, மருந்துக்கு அடங்கற இன்னொரு இ.கோலை வந்து உக்காந்திருக்கு. சரி, டோனர், அதாவது மலம் குடுத்தவர், அவரோட மலத்துல இருந்து வந்திருக்கும்னு தேடினா, டோனர் மலத்துல அந்த வகை கண்ணுலயே படல! ஒருத்தர் விஷயத்துல, அந்த அடங்கற இ.கோலை சிகிச்சைக்கு முன்னாடியே அவரோட சொந்தக் குடல்லயே இருந்திருக்கு.

பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிப்பாங்கல்ல, அதை நெனைச்சுக்கோ. ஒரே இனத்துக் கிருமிங்க ரெண்டும் ஒரே சீட்டுக்குத்தான் அடிச்சுக்கும், ஏன்னா ரெண்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம் வேணும். ஆன்டிபயாடிக் மேல ஆன்டிபயாடிக் போகறப்ப அடங்காத இ.கோலை துண்டைப் போட்டு உக்காந்துடுது, அடங்கற இ.கோலை எங்கேயோ மூலையில நெரிசல்ல நிக்குது. மல மாற்று உள்ள வந்து மத்த கூட்டத்தை ஒழுங்கா உக்கார வெச்சதும், அந்த மூலையில நின்னது முன்னாடி வந்து சீட்டைப் பிடிச்சுடுது. எதனால அதுக்குத் தெம்பு வந்துச்சு, அதுதான் இனிமே ஆராய வேண்டியது. அக்கர்மான்சியா மியூசினிஃபிலா, ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸின்னு டோனர்கிட்ட இருந்து வந்து வேர் பிடிச்ச சில கிருமிங்களோட பட்டியல் அவங்க குடுத்திருக்காங்க. நாளைக்கு மலமே வேண்டாம், அந்த நாலஞ்சு கிருமியை மட்டும் சுத்தமா வளர்த்து மாத்திரையா குடுக்கலாம்ங்கற நம்பிக்கை அதுல இருந்துதான் வருது. நீ எம்.எஸ்சி. போறியான்னு எழுது, இந்தப் பக்கம் ஆள் வேணும்.

கேள்வி (சேலம்): எதுக்கு இந்தச் சுத்தி வளைப்பு? குடலுக்குள்ளயே பவர்ஃபுல் ஆன்டிபயாடிக் குடுத்து எல்லாத்தையும் துடைச்சுட்டு, அப்புறம் நல்ல மலத்தை வெச்சா முடிஞ்சுது இல்லையா?

பதில்: நீங்க சொன்னதையே ஜெனீவா, பாரிஸ், உட்ரெக்ட், டெல் அவிவ்னு நாலு ஊர்ல சேர்ந்து பண்ணிப் பாத்தாச்சு, 2019-ல முடிவு வந்துச்சு. அஞ்சு நாள் கொலிஸ்டின், நியோமைசின் வாய் வழியா குடுத்து, அப்புறம் மல மாற்று. சிகிச்சை எடுத்த 22 பேர்ல 9 பேருக்குக் கிருமி போச்சு, ஒண்ணுமே பண்ணாத 17 பேர்ல 5 பேருக்கு அதுவாவே போயிடுச்சு. 41 சதவீதத்துக்கும் 29 சதவீதத்துக்கும் இருக்கற அந்த வித்தியாசத்தை வெச்சு ஜெயிச்சுதுன்னு சொல்ல முடியாது. அது 39 பேரோட நின்னு போன ஆராய்ச்சி, இன்னும் நெறய பேர் சேர்ந்திருந்தா தெளிவா தெரிஞ்சிருக்கலாம்.

இன்னொண்ணு வார்சாவுல. ரத்தப் புற்றுநோய் மாதிரி ரத்த நோய் இருந்த 20 பேருக்கு 25 தடவை பண்ணினாங்க, 2017-ல வெளியாச்சு. கூடவே ஆன்டிபயாடிக் ஓடாத சமயத்துல பண்ணினப்ப 79 சதவீதம் பலிச்சது, ஆன்டிபயாடிக் ஓடறப்ப 36 சதவீதம்தான். நாத்து நட்ட கையோட களைக்கொல்லி அடிச்சா நாத்தும் சேர்ந்துதானே கருகும்? நெதர்லாந்துல இஎஸ்பிஎல் இருந்த 15 பேருக்குப் பண்ணினப்ப முதல் தடவையில 3 பேருக்குக் கிருமி போச்சு, ரெண்டாவது தடவை குடுத்தப்புறம் மொத்தம் 6 பேருக்கு, அவ்வளவுதான். அதனால யாராவது "ஒரே டோஸ், நிச்சயம் குணம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

அதோட "அதுவாவே போயிடுச்சு"ங்கற அந்த 5 பேரை மறந்துடாதீங்க. ஆன்டிபயாடிக் இல்லாம கொஞ்ச மாசம் ஓட்டினா சில பேருக்குக் குடல் தானா சரிபண்ணிக்குது. ஐரோப்பிய தொற்றுநோய் சங்கத்தோட 2019 வழிகாட்டியும், குடல்ல இந்தக் கிருமி இருக்கற எல்லாருக்கும் வழக்கமா துடைப்பு சிகிச்சை பண்ண வேண்டாம்னுதான் சொல்லுது.

கேள்வி (மதுரை, பெயர் வேண்டாம்): சிகிச்சையே வேண்டாம், கேக்கவே குமட்டுது. ஒருத்தரோட அசிங்கத்தை இன்னொருத்தர் உடம்புல போய்... இதெல்லாம் எந்தக் காலத்துல ஆரம்பிச்சாங்க?

பதில்: குமட்டறது இயற்கை, அதுக்கு வருத்தப்படாதீங்க. ஆனா படுத்த படுக்கையா ஒரு நாளைக்கு 15 தடவை போயிட்டு இருக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க யாரும் முகம் சுளிக்கறதில்ல.

இது நேத்து வந்தது இல்ல. நாலாம் நூற்றாண்டுல சீனாவுல கெ ஹோங்னு ஒரு வைத்தியர் கடுமையான வயித்துப்போக்குக்கு மலக் கரைசல் குடுக்கறதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். நவீன மருத்துவத்துல 1958-ல அமெரிக்காவுல டென்வர்ல ஐஸ்மன்ங்கற சர்ஜன், ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் குடல் புண்ணாகி சாகக் கிடந்த 4 பேருக்கு மல எனிமா குடுத்துக் காப்பாத்தினார். அதுக்கப்புறம் ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல.

இப்ப தர்றது நீங்க நெனைக்கற மாதிரி இருக்காது. டோனர் குடுத்த மலத்தை உப்புநீர்ல கரைச்சு, வடிகட்டி, உறையறப்ப கிருமி சாகாம இருக்க கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில வெச்சிடுவாங்க. எடுத்தா பழுப்பு நிறத் திரவம் ஒரு பையில. இல்லைன்னா கேப்ஸ்யூல், வாசனை கிடையாது, தண்ணி குடிச்சு முழுங்கிட வேண்டியதுதான். அமெரிக்காவுல 2022 நவம்பர்ல ரெபயோட்டாங்கற எனிமா வகைக்கும், 2023 ஏப்ரல்ல வௌஸ்ட்ங்கற கேப்ஸ்யூலுக்கும் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் குடுத்திருக்கு. ரெண்டும் சி.டிஃப் மறுபடி வராம தடுக்க மட்டும். அடங்காத கிருமியைக் குடல்ல இருந்து விரட்டன்னு அந்த ஒப்புதல் இல்ல, இதை அடிக்கோடு போட்டுப் படிங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): இதுல யாரும் செத்துப்போனதா இருக்கா? மறைக்காம சொல்லுங்க.

பதில்: இருக்கு. மறைக்க மாட்டேன்.

2019 ஜூன்ல எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. பாஸ்டன்ல ரெண்டு தனித்தனி ஆராய்ச்சியில இருந்த ரெண்டு நோயாளிங்க, ரெண்டு பேருக்கும் ஒரே டோனரோட மலத்துல செஞ்ச கேப்ஸ்யூல். ஒருத்தர் ஈரல் கெட்டுப் போனவர், இன்னொருத்தர் 73 வயசு, ரத்த நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போனவர். ரெண்டு பேருக்கும் இஎஸ்பிஎல் இ.கோலை ரத்தத்துல ஏறிடுச்சு. ஈரல் நோயாளி பிழைச்சுட்டார், அந்த 73 வயசுக்காரர் இறந்துட்டார். மரபணுவைப் படிச்சா அந்தக் கிருமி டோனர் கேப்ஸ்யூல்ல இருந்ததோட ஒத்துப்போச்சு. அந்தக் கேப்ஸ்யூல் தயாரிச்சப்ப டோனர் மலத்துல இஎஸ்பிஎல் இருக்கானு டெஸ்ட் பண்ணலை. எந்தக் கிருமியை விரட்ட இந்தச் சிகிச்சையைப் பத்தி நாம பேசிட்டு இருக்கோமோ, அதே கிருமி அந்த மலத்தோடயே உள்ள போயிடுச்சு, அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. லேப்ல ஒரு சாவித் துவாரத்தை யாரோ தேடியிருந்தா அவர் அன்னைக்குப் போயிருக்க மாட்டார்.

அதுக்கப்புறம் டோனர் மலத்துல இஎஸ்பிஎல், மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துக்கு அடங்காத கிருமி, வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ், எம்ஆர்எஸ்ஏன்னு எல்லாத்தையும் பாக்கணும்னு எஃப்டிஏ கட்டாயமாக்கிடுச்சு. ரத்தத்துல எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ், மலத்துல ஒட்டுண்ணி, நோரோவைரஸ், அதுபோக டோனர் எங்கே எல்லாம் போனார், சமீபத்துல ஆன்டிபயாடிக் எடுத்தாரா, ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவரான்னு கேள்வி மேல கேள்வி. நான் தர்றேன்னு கை தூக்கிட்டு வர்ற பத்து பேர்ல ஒருத்தர் தேறறதே கஷ்டம்.

கேள்வி (ஈரோடு): என் தம்பிக்குக் கிட்னி மாத்தியிருக்கு, குடல்ல ரெசிஸ்டன்ட் கிருமின்னு சொல்றாங்க. யூடியூப்ல வீட்டுலயே மிக்ஸியில அடிச்சு எனிமா குடுக்கறதைக் காட்டறாங்க. நான் ஆரோக்கியமா இருக்கேன், என்னோடதைக் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெஞ்சு வேண்டாம். கை கூப்பிக் கேட்டுக்கறேன்.

நீங்க ஆரோக்கியமா இருக்கறதும் உங்க குடல்ல அடங்காத கிருமி இல்லாம இருக்கறதும் வேற வேற. நம்ம ஊர்ல காய்ச்சலே வராத, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத ஆள்கிட்ட மலம் வாங்கி பிளேட்ல போட்டாக்கூட இஎஸ்பிஎல் வர்றது சர்வசாதாரணம், நான் கண்ணால பாக்கறது இது. மெரோபெனமையும் வெட்டிப் போடற என்டிஎம்-1ங்கற என்ஸைம் பத்தி 2010-ல உலகத்தையே உலுக்கின கட்டுரை இருக்கே, சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதல் பேரா எழுதினது, அதுல சென்னையில இருந்தே 44 கிருமிங்க, மெரோபெனமுக்கே அடங்காததுங்க. அதுக்கப்புறம் நிலைமை இளகினதா யாரும் சொல்லல. உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது, உங்க உடம்பு கட்டி வெச்சிருக்கும். எதிர்ப்பு சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருக்கற உங்க தம்பி உடம்புல அது ரத்தத்துக்கு ஏறினா நாம பேசிட்டு இருக்கற நேரத்துக்குள்ள நிலைமை கை மீறிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. எனிமா குடுத்து வயித்துப்போக்கு வந்துச்சுன்னு வைங்க, டாக்ரோலிமஸ் ரத்தத்துல ஏறிக்கும், அது ஏறினா மாத்தி வெச்ச கிட்னியையே பாதிக்கும். ஒண்ணை விரட்டப் போய் அம்மாவோ அக்காவோ குடுத்த கிட்னியைத் தொலைச்சுட்டு நிக்கக் கூடாது. அந்த வீடியோவை டெலீட் பண்ணிடுங்க.

கேள்வி (கும்பகோணம்): தயிர், மோர், பழைய சோறு இதுல இல்லாத நல்ல கிருமியா? நாங்க காலங்காலமா சாப்பிடறோமே. புரோபயாட்டிக் பவுடர் பாக்கெட்டும் வாங்கி வெச்சிருக்கேன், மாமாவுக்கு ஈரல் மாத்தியிருக்கு.

பதில்: ஐயா, பழைய சோறு எனக்கும் உயிர், சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தா வேற எதுவும் வேண்டாம். நல்ல உடம்புக்காரங்க தாராளமா சாப்பிடுங்க. ஆனா அதுல இருக்கறது பெரும்பாலும் லாக்டிக் அமிலக் கிருமி வகை, விரல் விட்டு எண்ணிடலாம். ஆரோக்கியமான மலத்துல நூத்துக்கணக்கான வகை, அதுல முக்கால்வாசி காத்து பட்டாலே செத்துப்போற ஜாதி, தயிர்ப் பானையில அதுங்க உயிரோட இருக்காது. அதனால ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு இல்ல.

இஸ்ரேல்ல வைஸ்மன் நிறுவனத்துல 2018-ல ஒரு சோதனை பண்ணினாங்க. ஆன்டிபயாடிக் எடுத்த ஆரோக்கியமானவங்களை மூணாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு 11 வகை புரோபயாட்டிக், ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி எடுத்து வெச்ச அவங்க சொந்த மலமே திருப்பி, ஒரு குழுவைச் சும்மா விட்டுட்டாங்க. சொந்த மலம் போனவங்களுக்குக் குடல் சட்டுனு பழைய நிலைமைக்கு வந்துடுச்சு. புரோபயாட்டிக் எடுத்தவங்களுக்குச் சும்மா விட்டவங்களைவிடவும் தாமதமாச்சு. நல்லது பண்றதா நெனைச்சு வாங்கின பாக்கெட்டே வழியை மறிச்சுக்கிட்டு நின்னிருக்கு.

மாமா விஷயத்துல இன்னும் கவனம் வேணும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அந்தப் புரோபயாட்டிக் கிருமியே ரத்தத்துல ஏறின சம்பவங்கள் பதிவாகியிருக்கு. அதனால பாக்கெட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி டிரான்ஸ்பிளான்ட் டாக்டர்கிட்ட கேளுங்க. ராத்திரி வெளியில வெச்ச பழைய சோறு, கடையில வாங்கின மோர், இதையும் ஈரல் மாத்தினவங்களுக்கு அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் தள்ளி வைங்க. வீட்டுல காய்ச்சின பால்ல அன்னன்னைக்குத் தோய்ச்ச தயிர் பத்தியும் அவங்ககிட்டயே கேட்டுக்கலாம். நாருள்ள காய், கீரை, பருப்பு நல்லா வேக வெச்சுக் குடுங்க, இருக்கற நல்ல கிருமிக்கு அதுதான் தீனி. பொட்டாசியம் கட்டுப்பாடு இருந்தா எந்தக் கீரைன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

கேள்வி (வேலூர்): எனக்குக் கிட்னி மாத்தி 3 வருஷம். மாசாந்திர டெஸ்ட்ல யூரின் கல்ச்சர் பாசிட்டிவ், இஎஸ்பிஎல்னு வந்திருக்கு. காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல, கிரியாட்டினின் 1.2. ஊசி போட்டுக்கணுமா?

பதில்: கிருமி இருக்கறதும் நோய் இருக்கறதும் ஒண்ணு இல்ல. அமெரிக்க தொற்றுநோய் சங்கத்தோட 2019 வழிகாட்டி தெளிவாவே சொல்லுது, கிட்னி மாத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆனவங்களுக்கு, தொந்தரவு ஒண்ணும் இல்லாதப்ப மூத்திரத்துல கிருமி இருக்கானு தேடவும் வேண்டாம், இருந்தா மருந்து குடுக்கவும் வேண்டாம். இந்த வரியை உங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட சொல்லி, உங்க விஷயத்துல ஏதும் விசேஷக் காரணம் இருக்கான்னு கேளுங்க, முடிவு அவரோடது. நான் அனுப்பற ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஆள் நல்லா இருக்கறப்பவே ஊசி ஆரம்பிச்சு, ரெண்டு மாசத்துல அதே ஆளோட பிளேட்ல ஒரு வட்டம்கூட இல்லாம வந்து நின்னதை நான் பாத்திருக்கேன். அந்தத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வார்டுக்குப் போன் பண்றது ரொம்ப கஷ்டம்.

கேள்வி (தஞ்சாவூர்): வீட்டுல மத்தவங்களுக்குப் பரவுமா?

பதில்: பரவலாம், ஆனா பயந்து தட்டு டம்ளரைத் தனியா வைக்கற அளவுக்கு இல்ல. பாத்ரூம் போய்ட்டு வந்ததும், சமைக்கறதுக்கு முன்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. அது போதும்.

கேள்வி (புதுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா): என் பையனுக்கு நான்தான் கிட்னி குடுத்தேன். உங்க கட்டுரையைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. இந்தச் சிகிச்சை நம்ம ஊருக்கு வந்தா அதையும் நானே குடுக்கலாமா டாக்டரம்மா? என் கிட்னி பொருந்தினா இதுவும் பொருந்தும்தானே?

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன்ம்மா.

கிட்னிக்கு ரத்த குரூப், திசுப் பொருத்தம் எல்லாம் பாக்கணும். இதுக்கு அந்த மாதிரிப் பொருத்தம் தேவையில்ல. எமரி ஆராய்ச்சியில எல்லாருக்கும் போனது ஒரே டோனரோட மலம்தான். சொல்லப்போனா சொந்தக்காரங்களைவிட வெளியாள் பல சமயம் மேல், ஏன்னா ஒரே வீட்டுல ஒரே பாத்ரூம் புழங்கறவங்க குடல்ல அதே கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. நம்ம நாட்டுலயும் இது தெரியாத வித்தை இல்ல, லூதியானாவுல பெருங்குடல் புண் நோய்க்கும், டெல்லியில குடியால ஈரல் கெட்டவங்களுக்கும் பண்ணி ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கு. கிட்னி மாத்தினவங்களோட அடங்காத கிருமிக்கு இங்கேயும் முறையான ஆராய்ச்சி நடக்கணும்னு நான் ஆசைப்படறேன், ஏன்னா அந்தக் கிருமி அதிகமா இருக்கறது நம்மகிட்டதான்.

அது வர்ற வரைக்கும் நீங்க பண்ண ஒரு வேலை இருக்கு. பையனோட பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எத்தனை இருக்கோ அத்தனையும் தேடி எடுத்து, தேதிவாரியா அடுக்கி ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. எழுதப் படிக்க அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு உதவி பண்ணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்து கேஷுவாலிட்டிக்கு ஓடறப்ப, புது கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் எந்த மருந்து குடுக்கலாம்னு அங்கே இருக்கற டாக்டருக்குச் சொல்லப்போறது அந்த ஃபைல்தான். பீரோவுக்குள்ள பூட்டி வைக்காதீங்க, வாசக்கதவு பக்கத்துல ஆணியில மாட்டி வைங்க.